‘ஏ’ சான்று வேறு, ஆபாசக் குற்றம் வேறு: ஓர் எளிய அறிமுகம்

மல்டிபிளெக்ஸ் வாசலில் வார இறுதிகளில் அடிக்கடி நடக்கிற வாக்குவாதம் இது. இணையத்தில் நான்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்து நிற்கும். டிக்கெட் பார்ப்பவர் 16 வயதுப் பையனைப் பார்த்துத் தயங்குவார். “சார், இது ஏ படம். தம்பியை உள்ள விட முடியாது.” அப்பாவுக்குச் சுர்ரென்று வரும். “நாங்க கூடத்தானே இருக்கோம்? என் பையன் எதைப் பார்க்கணும்னு எனக்குத் தெரியாதா?”

சட்டப்படி அந்த ஊழியர் சொல்வதுதான் சரி. ‘ஏ’ சான்று பெற்ற படத்தை 18 வயது நிரம்பாதவருக்குத் திரையரங்கம் காட்டக் கூடாது. பெற்றோர் கூட வந்தாலும் விலக்கு கிடையாது. மீறினால் மாட்டிக்கொள்வது பையனோ அப்பாவோ அல்ல, திரையரங்கம். ஆனால் அதே படம் ‘யு/ஏ 16+’ என்று வந்திருந்தால் நிலைமை அப்படியே தலைகீழ். அந்த வயதுக் குறி பெற்றோர் யோசித்து முடிவெடுப்பதற்கான குறிப்பு மட்டுமே. பெற்றோரைத் தவிர வேறு யாரும் அதை வைத்துப் பிள்ளையைத் தடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. அதாவது பையனுக்கு 14 வயது என்றாலும், அப்பா சரி என்றால் உள்ளே விட வேண்டியதுதான்.

இந்தக் குழப்பத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. வயது வந்தோருக்கான காட்சிகளை நம் நாட்டில் கட்டுப்படுத்துவது ஒரே சட்டமல்ல. திரைப்படச் சட்டம், படம் வெளிவருவதற்கு முன்பே பார்த்து, ‘இதை யார் பார்க்கலாம்?’ என்று கேட்கிறது. ஆபாசச் சட்டம், ஒன்று வெளிவந்த பிறகு, ‘இதை வெளியிட்டதே குற்றமா?’ என்று கேட்கிறது. முன்னதைப் பார்ப்பது ஒரு வாரியம். பின்னதைப் பார்ப்பது போலீசும் நீதிமன்றமும். செய்திகளில் எல்லாவற்றையும் ‘சென்சார்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். அவிழ்த்துப் பார்த்தால்தான் எது எங்கே பொருந்தும் என்று புரியும்.

சான்றிதழ் கிடைக்கும் வழி

1952-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டத்தின்கீழ் இயங்குவது மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம். தலைமையகம் மும்பை, சென்னை உட்பட ஒன்பது ஊர்களில் மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. 1983 வரை அதன் பெயரிலேயே ‘தணிக்கை’ இருந்தது. அப்புறம் அதை எடுத்துவிட்டுச் ‘சான்றிதழ்’ என்று மாற்றினார்கள். கோடம்பாக்கம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. ‘படம் சென்சாருக்குப் போயிருக்கு’ என்றுதான் இன்றும் பேச்சு.

பொதுமக்களுக்குத் திரையிடும் எந்தப் படமும் இந்தச் சான்று இல்லாமல் ஓட முடியாது. முழுநீளப் படம் என்றால் ஓர் ஆய்வு அதிகாரியும், ஆலோசனைக் குழுவிலிருந்து நான்கு பேரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்த நால்வரில் இருவர் பெண்கள். படம் முடிந்ததும் கலந்து பேசிவிட்டு, படக்குழுவிடம் முடிவைச் சொல்வார்கள். பெரும்பாலும் அது ஒரு பேரமாகவே இருக்கும்: இந்தச் சொல்லை மியூட் செய்யுங்கள், அந்த ஷாட்டைப் பாதியாகக் குறையுங்கள், யு/ஏ தரலாம்; அப்படியே வேண்டும் என்றால் ஏ. ஒப்புக்கொள்ளாத தயாரிப்பாளர், படத்தை மறுபடி பார்க்கும் ரிவைசிங் கமிட்டிக்குப் போகலாம். அங்கேயும் ஒத்துவராவிட்டால் முன்பெல்லாம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. 2021-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். ரிலீஸ் தேதி கழுத்தில் கத்தியாக இருக்கும்போது, சின்னத் தயாரிப்பாளர் வக்கீல் வைத்து வழக்காடிக்கொண்டிருக்க முடியுமா? வெட்டுக்குச் சம்மதித்துவிட்டு வந்துவிடுகிறார். தீர்ப்பாயத்தை மூடியது தவறு என்பதுதான் என் எண்ணம்.

வகைகளைச் சட்டென்று பார்த்துவிடலாம். யாரும் பார்க்கலாம் என்றால் யு. பெற்றோர் கவனிக்க வேண்டும் என்றால் யு/ஏ. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்றால் ஏ. மருத்துவர்கள் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும் என்றால் எஸ். சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் வந்தவை யு, ஏ இரண்டும். யு/ஏ, எஸ் இரண்டும் 1983-ல் சேர்ந்தன. பல ஆண்டுகள் யு/ஏ ஒரே கட்டமாக இருந்ததில் ஒரு சங்கடம்: ஏழு வயதுக் குழந்தைக்கும் பதினாறு வயதுப் பையனுக்கும் அது ஒரே எச்சரிக்கையைத்தான் தந்தது. ஷியாம் பெனகல் தலைமையிலான குழு 2016-ல் இதைப் பிரிக்கச் சொன்னது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி 7+, 13+, 16+ என்று மூன்றாக்கினார்கள். அதே குழு, ஏ சான்றுக்கும் மேலே ‘எச்சரிக்கையுடன் கூடிய ஏ’ என்று இன்னொரு படியும் கேட்டிருந்தது. அதை அரசு ஏற்கவில்லை.

ஏ சான்று என்றால் தயாரிப்பாளர்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள்? வெட்கத்தினால் அல்ல, கணக்கினால். ஏ படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. கேபிள் தொலைக்காட்சி விதிகள் அனுமதிப்பதில்லை. சாட்டிலைட் உரிமை விற்க வேண்டுமானால் வெட்டித் திருத்தி மறுபடி யு/ஏ வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்கு 2006-ல் கேளிக்கை வரிவிலக்கு வந்தது. 2011-ல் அதற்கு யு சான்றும் வேண்டும் என்று நிபந்தனை சேர்த்தார்கள். 2017-ல் ஜிஎஸ்டி வரும்வரை, ரத்தம் தெறிக்கிற அடிதடிப் படத்துக்குக்கூட எப்படியாவது ஒரு யு வாங்கிவிட வேண்டும் என்று தமிழ்த் தயாரிப்பாளர்கள் அலைந்ததன் ரகசியம் இதுதான். வாரியம் வெட்டுகிறது என்று நாம் திட்டுகிற வெட்டுகளில் கணிசமானவை, தயாரிப்பாளரே சந்தைக்காகச் சம்மதித்துக் கொடுத்தவை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏ என்பது ‘எதை வேண்டுமானாலும் காட்டலாம்’ என்ற அனுமதி அல்ல. சட்டத்தின் 5பி பிரிவு, ஒழுக்கத்துக்கும் நாகரிகத்துக்கும் விரோதமான படத்துக்கு எந்தச் சான்றும் தரக் கூடாது என்கிறது. 1991-ல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டு நெறிகள் இன்னும் விரிவாகப் பேசுகின்றன: ஆபாசத்தால் மனித உணர்வுகள் புண்படக் கூடாது, பெண்களை இழிவுபடுத்தும் காட்சி கூடாது, இரட்டை அர்த்த வசனம் கூடாது, பாலியல் வன்முறையைக் காட்டியே ஆக வேண்டுமானால் மிகக் குறைவாகக் காட்ட வேண்டும். கூடவே, படத்தை முழுதாகப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்றும் அதே நெறிகள் சொல்கின்றன. பிரிட்டனில் ஆர்18 என்று ஒரு வகை உண்டு. பாலியல் படங்களுக்கென்றே உள்ள அந்தச் சான்றோடு, உரிமம் பெற்ற கடைகளில் மட்டும் விற்கலாம். இந்தியாவில் அப்படி ஒரு படியே கிடையாது. ஏணி ‘ஏ’யோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் போகிற படம் நேராகக் குற்றச் சட்டத்தின் கையில் விழுகிறது.

பிட்டு: இரண்டு சட்டமும் ஒன்றாகப் பாயும் இடம்

பிலிம் சுருள் காலத்தில் ஊர் ஓரத்துத் தியேட்டர்களில் காலைக் காட்சி என்று ஒன்று ஓடும். போஸ்டரில் பெரிய ஏ இருக்கும். படம் என்னவோ சாதுவானதாகத்தான் போய்க்கொண்டிருக்கும். இடைவேளைக்குப் பிறகு எங்கோ ஓரிடத்தில் திரையின் நிறம் மாறும். ஆட்கள் மாறுவார்கள், கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு படுக்கையறை சில நிமிடம் வந்து போகும். பிறகு கதாநாயகி பழையபடி கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பாள். ஆபரேட்டர் அறையில் தனி டப்பாவில் இருக்கும் அந்தத் துண்டுச் சுருளுக்குத்தான் பிட்டு என்று பெயர். அது வரவில்லை என்றால் அரங்கில் விசில் சத்தம் எழும், சீட்டும் கிழியும்.

சட்டத்தின் பார்வையில் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏ சான்று வாங்கிய படம் சட்டப்படி சுத்தமானது. ஆனால் சான்று என்பது வாரியம் பார்த்த அந்தப் பிரதிக்கு மட்டுமே உரியது. படம் தொடங்கும்போது சில நொடி திரையில் நிற்கிற அந்தக் காகிதத்தைக் கவனித்தால், படத்தின் பெயர், நீளம், பார்த்த குழுவினரின் பெயர்கள் எல்லாம் இருக்கும். எவ்வளவு நீளப் படத்துக்குச் சான்று தந்தோம் என்று அதில் எழுதுவதே இதற்காகத்தான். நடுவில் ஒரு துண்டைச் சொருகினால், அது சான்றில்லாத படத்தைத் திரையிட்ட குற்றம். சினிமாட்டோகிராஃப் சட்டப்படி வழக்கு. சொருகிய துண்டு ஆபாசமானது என்றால் தண்டனைச் சட்டப்படி தனி வழக்கு. டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் வந்து, கடவுச்சாவி இல்லாமல் படமே ஓடாது என்று ஆன பிறகு பிட்டு ஒழிந்தது. ஒழித்தது எந்தச் சட்டமும் அல்ல, தொழில்நுட்பமும் செல்போனும்தான்.

ஆபாசம் என்று யார் சொல்வது?

இனி இரண்டாவது சட்டம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு என்று பல ஆண்டுகள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவு. எண் மாறியது, சாரம் அதேதான். காமத்தைத் தூண்டுகிற, பார்ப்பவர் மனதைக் கெடுக்கிற ஒன்றை விற்றாலோ, விநியோகித்தாலோ, பொதுவில் காட்டினாலோ, விற்பதற்காக வைத்திருந்தாலோ குற்றம். முதல் முறை இரண்டு ஆண்டுவரை சிறையும் 5,000 ரூபாய்வரை அபராதமும். கலை, இலக்கியம், அறிவியல், கல்வி போன்ற பொதுநலனுக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. கோயில் சிற்பங்களுக்கும் விலக்கு உண்டு. அந்த வரி இல்லாவிட்டால் நம் ஊர்த் தேர்களில் பாதி தெருவில் இறங்க முடியாது.

சரி, மனதைக் கெடுப்பது என்றால் யார் மனதை? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நீதிமன்றங்கள் ஒன்றரை நூற்றாண்டாக மல்லுக்கட்டுகின்றன.

1868-ல் இங்கிலாந்தில் ஹிக்ளின் என்ற வழக்கு. எளிதில் கெட்டுப்போகக் கூடிய ஒருவர் கையில் இது கிடைத்தால் அவர் கெட்டுப்போவாரா என்பதுதான் அதில் பிறந்த உரைகல். பலவீனமான மனதுக்காரரை அளவுகோலாக வைத்தால், வயது வந்த எல்லோரும் பள்ளிப் பிள்ளைக்குரியதை மட்டுமே படிக்க வேண்டியிருக்கும். நூலின் நடுவே ஒரு பத்தி மோசம் என்றால் மொத்த நூலும் மோசம் என்று சொல்லவும் அது இடம் கொடுத்தது.

அந்த உரைகல்லைச் சுதந்திர இந்தியாவும் கையில் எடுத்தது. மும்பைக் கொலாபாவில் ஹேப்பி புக் ஸ்டால் என்று ஒரு கடை. டி.எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லீஸ் லவர்’ நாவலை வெட்டாத பதிப்பில் விற்றதற்காகக் கடையின் பங்குதாரர்கள் மேல் வழக்கு. போலீஸ் அனுப்பிய போலி வாடிக்கையாளரிடம் விற்று மாட்டிக்கொண்டார்கள். அபராதம் ஆளுக்கு 20 ரூபாய். கட்டாவிட்டால் ஒரு வாரச் சிறை. இந்த இருபது ரூபாயை எதிர்த்துப் பங்குதாரர்களில் ஒருவரான ரஞ்சித் உதேஷி உச்ச நீதிமன்றம்வரை போனார். 1964-ல் தோற்றார். இங்கிலாந்திலேயே நான்கு ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றம் விடுவித்துவிட்ட நாவல் அது என்பதுதான் வேடிக்கை.

சினிமாவுக்கு வருவோம். இந்தி இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் 1968-ல் ஒரு குறும்படம் எடுத்தார். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், டெல்லி ஆகிய நான்கு நகரங்களின் பகட்டையும் வறுமையையும் அருகருகே வைத்துக் காட்டுகிற ஆவணப்படம். பம்பாயின் சிவப்பு விளக்குத் தெருவைக் காட்டும் காட்சிகளுக்காக அதற்கு யு சான்று மறுத்தார்கள். அவற்றை வெட்டினால் தரலாம் என்றார்கள். அவர் வெட்டவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே அரசு இறங்கிவந்து, வெட்டாமலே யு தருகிறோம் என்றது. அதோடு விட்டிருக்கலாம். அப்பாஸ், படம் வெளிவரும் முன் பார்த்து அனுமதிக்கும் முறையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று வாதத்தை விரித்தார். அதில் தோற்றார். சினிமா மற்றக் கலைகளைவிட ஆழமாக உணர்ச்சிகளைக் கிளறுகிறது, அதனால் முன்கூட்டியே பார்ப்பது தவறில்லை என்றது நீதிமன்றம். ஆனால் பாலுணர்வும் ஆபாசமும் ஒன்றல்ல என்றும் அதே தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. 1970-ல் வந்த அந்த ஒரு வரி, பிறகு எத்தனையோ இயக்குநர்களுக்குக் கைகொடுத்தது.

அந்த வரியின் முழுப் பலனும் 1996-ல் தெரிந்தது. பூலான் தேவியின் வாழ்க்கையைச் சொன்ன ‘பாண்டிட் குயின்’ படத்தில், ஒரு பெண்ணை ஊர் நடுவே நிர்வாணமாக்கிக் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க அனுப்புகிற காட்சி இருக்கிறது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏ சான்று கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் மறுபடி கொடுத்தது. அந்தக் காட்சியைப் பார்ப்பவருக்குக் காமம் வராது, கொடுமை செய்தவர்கள்மேல் அருவருப்பும் அவள்மேல் இரக்கமும்தான் வரும் என்றார்கள் நீதிபதிகள். உடலில் துணி இருக்கிறதா இல்லையா என்பதல்ல கேள்வி. அந்தக் காட்சி எதற்காக இருக்கிறது என்பதே கேள்வி. ஆபாசச் சட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர் ஒரே ஒரு தீர்ப்பைப் படிக்க நேரம் உண்டு என்றால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

ஹிக்ளின் உரைகல் ஒருவழியாக 2014-ல் விடைபெற்றது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவருடைய துணைவி ஆவதற்கிருந்த கறுப்பினத் தந்தை வழிவந்த நடிகையும் ஆடையின்றி நிற்கும் படம் ஜெர்மன் இதழ் ஒன்றில் வந்தது. எடுத்தவர் அந்தப் பெண்ணின் அப்பாவே. நிறவெறிக்கு எதிரான குரலாக வந்த அதை 1993-ல் இந்திய இதழ்கள் மறுபிரசுரம் செய்ய, கொல்கத்தாவில் வழக்கு. இருபது ஆண்டு கழித்து அவீக் சர்க்கார் வழக்கு என்ற பெயரில் தீர்ப்பு வந்தது. பலவீனமான ஒரு மனிதரை வைத்து அளக்கக் கூடாது. இன்றைய சமூகத்தின் சராசரி மனிதர், முழுவதையும் பார்த்து, எந்தச் சூழலில் எதற்காக வந்தது என்று யோசித்து என்ன நினைப்பார் என்றுதான் அளக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

நம் பக்கத்தில் இதன் பயன் உடனே தெரிந்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ ஆபாசம் என்று கிளம்பிய எதிர்ப்பும், அவர் எழுத்தையே விட்டுவிட்டதாக அறிவித்ததும் நினைவிருக்கும். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் புகார்களைத் தள்ளியபோது கையாண்டது இந்தப் புதிய அளவுகோலைத்தான். பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் மூடி வைத்துவிடலாமே என்றார்கள் நீதிபதிகள்.

சான்று வாங்கிய படத்தின்மேல் ஆபாச வழக்கு போடலாமா?

இரண்டு சட்டமும் முட்டிக்கொள்கிற கேள்வி இதுதான். வாரியம் பார்த்து அனுமதித்த ‘சத்யம் சிவம் சுந்தரம்’ படத்தின்மேல் ஒருவர் டெல்லி நீதிமன்றத்தில் ஆபாச வழக்குப் போட்டார். படத்தை எடுத்த ராஜ் கபூர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இரண்டு பக்கமும் பார்த்துச் சொன்ன பதில் நுணுக்கமானது. வாரியத்தின் சான்று இருப்பதாலேயே குற்றவியல் நீதிமன்றத்தின் வாய் அடைபட்டுவிடாது. ஆனால் சட்டம் அமைத்த ஒரு வாரியம் சரி என்று சொன்னதை நம்பி, நல்லெண்ணத்தோடு படத்தை வெளியிட்டவரைக் குற்றவாளி என்பது எப்படி? அந்த நம்பிக்கையே அவருக்குப் பாதுகாப்பு. வழக்கு ரத்தானது.

பிறகு நாடாளுமன்றமே 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இதை எழுதிவைத்தது: சான்று பெற்ற படத்தில் உள்ளவற்றுக்காகத் தயாரிப்பாளரையோ விநியோகஸ்தரையோ திரையரங்கையோ எந்த ஆபாசச் சட்டத்தின்கீழும் தண்டிக்க முடியாது. இதனால்தான் படம் வெளியான பின் ‘இந்தக் காட்சி ஆபாசம், கைது செய்’ என்று கிளம்புகிற புகார்கள் செய்தியோடு நின்றுவிடுகின்றன. சான்றை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அது வேறு கதை. கவனிக்க வேண்டியது, இந்தப் பாதுகாப்பு சான்று பெற்ற பிரதியோடு நின்றுவிடுகிறது. சுவரொட்டிக்கு அது கிடையாது. பெண்களை அநாகரிகமாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டம், படத்தை விட்டுவிடும். சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் பிடிக்கும்.

கையில் இருக்கிற திரை

ஓடிடிக்கு வாரியத்தின் சான்று தேவையில்லை. தியேட்டரில் மியூட் ஆன வசனம் ஓடிடியில் கணீர் என்று கேட்பது இதனால்தான். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஓடிடி நிறுவனமே யு, 7+, 13+, 16+, ஏ என்று குறியிட்டுக்கொள்ள வேண்டும். 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும்; ஏ என்றால் வயதைச் சரிபார்க்க வேண்டும். புகார் வந்தால் முதலில் நிறுவனம், அப்புறம் அவர்கள் கூட்டாக வைத்திருக்கும் அமைப்பு, கடைசியில் அமைச்சகம். எல்லை மீறியதாகச் சொல்லி 2024 மார்ச்சில் 18 தளங்களையும், 2025 ஜூலையில் 25 தளங்களையும் மத்திய அரசு முடக்கியது. முன்கூட்டியே பார்க்கும் வாரியம் இல்லாத இடத்தில் கத்தரிக்கோலுக்குப் பதில் பூட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு காட்சியை வெட்டச் சொல்வதைவிட மொத்தக் கடையையும் மூடுவது கடுமையான நடவடிக்கை என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இணையத்துக்கான ஆபாசச் சட்டம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு. தண்டனை இங்கே கூடுதல்: முதல் முறை மூன்று ஆண்டுவரை சிறை, ஐந்து லட்சம்வரை அபராதம். வெளிப்படையான பாலுறவுக் காட்சி என்றால் 67ஏ. ஐந்து ஆண்டுவரை சிறை, பத்து லட்சம்வரை அபராதம். கெட்ட வார்த்தை இதில் வருமா? கல்லூரி மாணவர்களைப் பற்றிய ஓர் இந்தி வெப் சீரிஸ்மேல் இப்படி வழக்கு வந்தது. வசனங்களை இயர்போன் மாட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது என்று எழுதி, டெல்லி உயர் நீதிமன்றம் வழக்குப் பதியச் சொன்னது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கோபத்தில் வருகிற வசைச்சொல்லுக்கு அகராதிப் பொருள் பார்க்கக் கூடாது. அருவருப்பாக இருக்கலாம், ஆனால் அது காமத்தைத் தூண்டவில்லையே என்றது.

பலரும் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வயது வந்தவர்கள் நடித்த பாலியல் படத்தைத் தன் அறையில் தனியாகப் பார்ப்பது குற்றமா? இல்லை. சட்டம் பிடிப்பது வெளியிடுபவரையும் அனுப்புபவரையும் விற்பவரையும்தான். 2015-ல் 857 தளங்களை முடக்கச் சொன்ன அரசு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கியது; 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 827 தளங்கள் மூடப்பட்டன. தளத்துக்குப் பூட்டு, பார்ப்பவருக்கு வழக்கு இல்லை என்பதே இன்றைய நிலை. ஆனால் அதே வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் ஃபார்வர்டு செய்தால் நீங்களே அனுப்புபவர் ஆகிவிடுகிறீர்கள். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு தனியாக வரும்.

குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் படங்கள் விஷயத்தில் மேலே சொன்ன சலுகை எதுவும் கிடையாது. கலை, சூழல், சராசரி மனிதர் என்ற பேச்சுக்கெல்லாம் அங்கே இடமில்லை. தேடுவது, பார்ப்பது, இறக்குவது எல்லாமே அதே சட்டத்தின் 67பி-யின்கீழ் குற்றம். தனிப்பட்ட முறையில் இறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. பகிரும் எண்ணத்தோடு, அழிக்காமலும் புகார் தராமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவின்கீழ் குற்றம். பகிர்ந்து முடித்திருக்க வேண்டும் என்பதில்லை. ‘பாருங்க, எவ்வளவு கொடுமை’ என்று ஆதங்கத்தோடு நாலு பேருக்கு அனுப்புகிறவர்களும் இந்த வலைக்குள் வருவார்கள். அப்படி ஏதாவது உங்கள் கைக்கு வந்தால் யாருக்கும் அனுப்ப வேண்டாம். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், பெயர் சொல்லாமலே புகார் தர வழி இருக்கிறது.